டர்போ காரில் ஏர் இன்டேக் மாற்றுவது: எங்கே லாபம், எங்கே ஆபத்து

டர்போ காருக்குப் பெரிய ஏர் ஃபில்டர் மாட்டினால் இன்ஜின் தாராளமாக மூச்சு விடும், பவர் கூடும் என்று சிலர் சொல்கிறார்கள். ஃபில்டரில் கை வைத்தாலே இன்ஜின் போய்விடும் என்று வேறு சிலர் பயமுறுத்துகிறார்கள். இரண்டு பேச்சுக்கும் ஓரளவு ஆதாரம் உண்டு. ஆனால் எந்த காரில், எதனால், எவ்வளவு என்று கேட்டால் இரு தரப்பிலும் தெளிவான பதில் கிடைப்பதில்லை. கடையில் விற்கும் இன்டேக் கிட் என்பது ஒரு கூம்பு ஃபில்டர், ஒரு குழாய், நான்கைந்து கிளாம்ப், அவ்வளவுதான். அதே குழாய் ஒரு காரில் எந்தத் தொந்தரவும் தராமல் உட்காரும். இன்னொரு காரில் பிஸ்டனை உடைக்கும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டால் வாங்குவதா வேண்டாமா என்ற முடிவும், மாட்டும்போது எங்கே கவனம் வேண்டும் என்பதும் தானாகவே விளங்கும்.

இன்ஜினுக்கு எவ்வளவு காற்று வேண்டும்

பெட்ரோல் முழுமையாக எரிய, ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று தேவை. இதைச் சரிவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவில் பார்த்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று. 1.0 லிட்டர் இன்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது, டர்போ இல்லாவிட்டால், நிமிடத்துக்கு அதிகபட்சம் 3,000 லிட்டர் காற்றை இழுக்கும். டர்போ ஒரு பார், அதாவது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம் அளவுக்கே, பூஸ்ட் கொடுத்தால் அது கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். இவ்வளவு காற்றும் ஃபில்டர் வழியாகத்தான் போயாக வேண்டும்.

பூஸ்ட் என்றால் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் டர்போ கூட்டித் தரும் அழுத்தம். டர்போ என்பது ஒரே தண்டில் பொருத்திய இரண்டு விசிறிச் சக்கரங்கள். வெளியேறும் புகை ஒன்றைச் சுழற்றுகிறது. மறுமுனையில் இருக்கும் கம்ப்ரசர் சக்கரம் காற்றை உறிஞ்சி, அழுத்தி, இன்ஜினுக்கு அனுப்புகிறது. சிறிய டர்போக்களில் இந்தத் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றைத் தாண்டும்.

காற்று போகும் வழி இது: முன்பக்க வாய், ஏர் பாக்ஸ், அதற்குள் ஃபில்டர், அங்கிருந்து ஒரு குழாய், பிறகு கம்ப்ரசர், அடுத்து காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், ஆக்சிலரேட்டருக்கு ஏற்ப காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில், கடைசியில் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் மேனிஃபோல்ட். கம்ப்ரசர் வரை இருப்பதை உறிஞ்சும் பக்கம் என்றும், அதற்குப் பிறகு இருப்பதை அழுத்தப் பக்கம் என்றும் சொல்லலாம். இன்டேக் கிட் மாற்றுவது உறிஞ்சும் பக்கத்தை மட்டும்.

உறிஞ்சும் பக்கத்தில் நடப்பது

இளநீரை ஸ்ட்ரா வைத்துக் குடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரா ஒல்லியாக இருந்தாலும் அதே அளவு இளநீரைக் குடித்துவிடலாம். கன்னம் வலிக்க இழுக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்ட்ராவில் கீறல் விழுந்திருந்தாலோ இளநீரோடு வெளிக்காற்றும் வாய்க்குள் வரும். இதில் வாய்தான் டர்போ. ஃபில்டர் அடைத்திருந்தால் டர்போ அதிகமாக இழுக்க வேண்டியிருக்கும், ஆனாலும் வேலையை முடித்துவிடும். குழாயில் கீறலோ, தளர்ந்த இணைப்போ இருந்தால் ஃபில்டரைத் தாண்டாத காற்று உள்ளே வரும். இந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. இன்ஜினைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான்.

பூஸ்டை முடிவு செய்வது யார்

டர்போ இல்லாத இன்ஜின் வெளிக்காற்றின் அழுத்தத்தை மட்டுமே நம்பியிருக்கிறது. வழியில் எவ்வளவு தடை இருக்கிறதோ, அந்த அளவுக்குப் பவர் நேரடியாகக் குறையும். டர்போ காரில் கதை வேறு. இன்ஜினை ஆளும் கணினியான இசியு, எந்த நேரத்தில் எவ்வளவு பூஸ்ட் வேண்டும் என்று ஒரு இலக்கு வைத்திருக்கும். அந்த இலக்கைத் தொட வேஸ்ட்கேட்டைத் திறந்து மூடும். வேஸ்ட்கேட் என்பது டர்போவின் புகைச் சக்கரத்துக்குப் போகாமல் புகையைத் திருப்பிவிடும் கதவு. ஃபில்டர் தடை அதிகமானால் இசியு அந்தக் கதவை இன்னும் கொஞ்சம் மூடும், டர்போ இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுழலும், பூஸ்ட் அதே இலக்கில் நிற்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளி அழுத்தம் 101.3 கிலோபாஸ்கல். மேனிஃபோல்டில் 200 வேண்டும். இன்டர்கூலரில் ஏற்படும் இழப்பை இப்போதைக்கு விட்டுவிடுவோம். கம்பெனி இன்டேக் முழு த்ராட்டிலில் 4 கிலோபாஸ்கல் இழக்கிறது என்றால் கம்ப்ரசர் 97.3-ஐ 200 ஆக்க வேண்டும், அதாவது 2.06 மடங்கு. புது கிட் இழப்பைப் பாதியாக்கி 2 கிலோபாஸ்கலுக்குக் கொண்டுவந்தால் 2.01 மடங்கு. டர்போவின் வேலையில் சுமார் 2 சதவீதம்தான் மிச்சம். டர்போ சற்று முன்னதாக எழும், காற்று சற்றே குறைவாகச் சூடாகும். ஆனால் இசியுவின் இலக்கு மாறாததால் பவர் கூடுதல் மிகச் சிறியது. பெரும்பாலும் ஒரே காரை டைனோவில், அதாவது நின்ற இடத்திலேயே ஓட்டிப் பவரை அளக்கும் கருவியில், இரண்டு முறை ஓட்டினால் வரும் வேறுபாட்டுக்குள்ளேயே அது அடங்கிவிடும்.

பிறகு ஏன் ஓட்டுபவர்களுக்கு வண்டி மாறிவிட்டதாகத் தோன்றுகிறது? சத்தம். கம்பெனி ஏர் பாக்ஸ் காற்றின் இரைச்சலை அடக்கும்படியும் வடிவமைக்கப்பட்டது. திறந்த ஃபில்டரில் டர்போவின் விசில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வரும் 'புஷ்' எல்லாம் உள்ளே கேட்கும். அந்தச் சத்தம் பிடித்திருந்தால் அதற்காக மாட்டுவது முற்றிலும் நியாயமான காரணம்தான். பவருக்காக என்று நம்பி அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். இசியுவின் இலக்கையே உயர்த்தும் டியூனிங் செய்து, கம்பெனி இன்டேக் உண்மையிலேயே தடையாக நிற்கும் நிலை வந்த பிறகுதான் பெரிய இன்டேக்குக்கு உருப்படியான வேலை இருக்கிறது.

இதுவரை பார்த்தது இதுதான்: டர்போ காரில் தடையைக் குறைப்பதால் வரும் லாபம் சிறியது, ஏனென்றால் பூஸ்டை நிர்ணயிப்பது இசியு. இனி ஆபத்தின் பக்கம்.

காற்றை அளக்கும் இரண்டு வழிகள்

பெட்ரோல் எவ்வளவு தெளிக்க வேண்டும் என்று தெரிய, எவ்வளவு காற்று வந்தது என்று இசியுவுக்குத் தெரிய வேண்டும். இதற்கு இரண்டு முறைகள் இருக்கின்றன. உங்கள் காரில் எது என்று தெரியாமல் கிட் வாங்கவே கூடாது.

முதலாவது மேஃப் சென்சார். ஃபில்டருக்கு அடுத்த குழாயில் நிற்கும் சூடான மெல்லிய கம்பி அல்லது படலம் இது. ஓடும் காற்று அதைக் குளிர்விக்கும். வெப்பநிலையைக் காப்பாற்ற எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதை வைத்து, எத்தனை கிராம் காற்று போகிறது என்று இசியு கணக்கிடும். இரண்டாவது மேப் சென்சார். மேனிஃபோல்டில் உட்கார்ந்து அங்குள்ள அழுத்தத்தை அளக்கும். அந்த அழுத்தம், காற்றின் வெப்பநிலை, இன்ஜின் வேகம் மூன்றையும் சேர்த்து இசியு காற்றின் அளவைக் கணக்கில் பெறும். பெயர்கள் ஒன்றுபோல ஒலித்தாலும் இரண்டும் இருக்கும் இடமே வேறு. ஏர் பாக்ஸை ஒட்டிய குழாயில் இரண்டு திருகுகளோடு ஒரு சென்சார் செருகப்பட்டு, அதில் நான்கைந்து வயர் கொண்ட பிளக் இருந்தால் அது மேஃப் ஆகத்தான் இருக்கும். இரண்டு வயர் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அது வெறும் காற்று வெப்பநிலை சென்சார்.

போக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் வரும் 1.0 டிஎஸ்ஐ இன்ஜின் மேப் முறையில் ஓடுவது. அதில் உறிஞ்சும் குழாயின் விட்டம் மாறினாலும் எரிபொருள் கணக்கு நேரடியாகக் கெடாது. சுபாரு டபிள்யூஆர்எக்ஸின் 2.5 லிட்டர் டர்போ இன்ஜின் மேஃப்பை நம்பி ஓடுவது. அதில் குழாயை மாற்றுவது காற்று அளக்கும் கருவியையே மாற்றுவதற்குச் சமம்.

காரணம் இது. மேஃப்பின் கம்பி குழாய்க்குள் ஒரே ஓர் இடத்தில்தான் நிற்கிறது. தன்னைத் தொடும் காற்றைத்தான் அது அறியும். கம்பெனிக் குழாயின் விட்டத்தை வைத்துத்தான் இசியு அந்தத் தகவலை மொத்தக் காற்றாக மாற்றுகிறது. கம்பெனிக் குழாய் 65 மில்லிமீட்டர், புதுக் குழாய் 70 என்று வைத்துக்கொள்வோம். விட்டத்தில் 5 மில்லிமீட்டர்தான் கூடுதல், ஆனால் பரப்பளவு 16 சதவீதம் கூடிவிடும். அதே அளவு காற்று அகலமான குழாயில் மெதுவாகப் போகும். கம்பி சுமார் 14 சதவீதம் குறைத்துச் சொல்லும். இசியு அதை நம்பி 14 சதவீதம் குறைவாகப் பெட்ரோல் தெளிக்கும். காற்று அதிகமாகி எரிபொருள் குறைந்த இந்த நிலைக்கு லீன் என்று பெயர். எதிர்நிலைக்குப் பெயர் ரிச்.

மெதுவாக ஓட்டும்போது இது வெளியே தெரியாது. எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் லீனைக் கண்டுபிடித்துச் சொல்ல, இசியு பெட்ரோலைக் கூட்டிச் சரிக்கட்டும். இந்தத் திருத்தத்துக்கு ஃபியூயல் ட்ரிம் என்று பெயர். ஆனால் பல பழைய டர்போ கார்களில் முழு த்ராட்டில் கொடுத்தால் ஆக்சிஜன் சென்சார் சொல்வதை இசியு பொருட்படுத்தாது. மேஃப் சொன்னதையும் ஏற்கனவே கற்றுவைத்த திருத்தத்தையும் வைத்தே தெளிக்கும். முழு லோடில் டர்போ பெட்ரோல் இன்ஜினுக்கு வேண்டுமென்றே பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுப்பார்கள், உள்ளே சூடு தணிவதற்காக. இலக்கு ஒரு கிலோ பெட்ரோலுக்கு 11.5 கிலோ காற்று என்று வைத்தால், 14 சதவீதப் பிழையில் அது 13.3 ஆகிவிடும். சூடு தணிக்க வைத்திருந்த பாதுகாப்பு அங்கேயே காலி.

இதைவிட மோசமான இன்னொன்று இருக்கிறது. இன்ஜின் எவ்வளவு சுமையில் ஓடுகிறது என்பதையும் இசியு அதே மேஃப்பை வைத்துத்தான் கணிக்கிறது. காற்று குறைவு என்று மேஃப் சொன்னால், சுமை குறைவு என்று இசியு எடுத்துக்கொண்டு, ஸ்பார்க்கை முன்னதாகவே கொடுக்கும். எரிபொருள் குறைவு, ஸ்பார்க் முன்கூட்டியே, முழு பூஸ்ட்: மூன்றும் ஒரே நொடியில் சேர்கின்றன. அப்போது கலவை சீராக எரியாமல் ஆங்காங்கே தானாக வெடிக்கும். இதுதான் நாக்கிங். நாக் சென்சார் ஓரளவு காப்பாற்றும். அது சமாளிக்க முடியாத இடத்தில் பிஸ்டன் வளையங்களுக்கு இடையில் இருக்கும் மெல்லிய வரம்பு விரிசல் விடும். சுபாருவின் அந்த 2.5 லிட்டர் இன்ஜினில் இந்த வரம்பு பலவீனமான பாகம் என்பது அதில் வேலை செய்பவர்கள் அனைவருக்கும் தெரியும். அதனால்தான் மேஃப் குழாயின் விட்டம் மாறினால் டியூன் கட்டாயம் என்று அங்கே விதியாகவே வைத்திருக்கிறார்கள்.

விட்டம் மாறாவிட்டாலும் சிக்கல் வரலாம். வளைவு முடிந்த கையோடு சென்சாரை வைத்தால் காற்று சுழன்று வரும், அளவு தடுமாறும். எனவே மேஃப் காருக்கு கிட் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இவை: சென்சார் நிற்கும் இடத்தின் உள்விட்டம் கம்பெனி அளவேதானா? சென்சாருக்கு முன்னால் நேரான குழாய்ப் பகுதி இருக்கிறதா? கம்பெனிக் குழாயில் தேன்கூடு போன்ற வலை இருந்தால் அது புதுக் குழாயிலும் இருக்கிறதா? விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பாமல் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்துவிடுவது நல்லது.

டீசல் டர்போ கார்களிலும் மேஃப் இருக்கும். அதில் முக்கிய வேலை எக்ஸாஸ்ட் புகையில் எவ்வளவைத் திருப்பி உள்ளே விட வேண்டும், கரும்புகை வராமல் எவ்வளவு டீசல் தெளிக்கலாம் என்பது. அங்கே அளவு தவறினால் நாக்கிங் வராது. இழுவை குறையும், அல்லது புகை தள்ளும்.

சுருக்கமாக: மேப் காரில் குழாய் மாற்றுவது ஒப்பீட்டளவில் பாதுகாப்பு. மேஃப் காரில் விட்டமும் வடிவமும் அப்படியே இருக்க வேண்டும். மாறினால் டியூன் செய்துவிட்டுத்தான் பூஸ்டைத் தொட வேண்டும்.

சூடான காற்றை இழுக்கும் "கோல்டு ஏர்"

கம்பெனி ஏர் பாக்ஸ் வெளிக்காற்றை முன்பக்கத்திலிருந்து எடுக்கும். அதைக் கழற்றிவிட்டு பானெட்டுக்கு அடியில் கூம்பு ஃபில்டரைத் திறந்தபடி வைத்தால், அது ரேடியேட்டருக்குப் பின்னாலும் டர்போவுக்கு அருகிலும் நின்று இன்ஜின் சூட்டை இழுக்கும். வெளியே 35 டிகிரி, உள்ளே 65 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி 9 சதவீதம் குறைவு. டர்போ அதை இன்னும் பெரிதாக்கும். 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரசர் காற்றை இரண்டு மடங்கு அழுத்தினால், 35 டிகிரியில் போனது சுமார் 131 டிகிரியில் வெளியே வரும். 65-இல் போனது சுமார் 171-இல் வரும். 30 டிகிரி வித்தியாசம் 40 ஆகிவிட்டது. இன்டர்கூலர் இதில் பெரும்பகுதியைத் தணித்துவிடும் என்பது உண்மை. ஆனால் சென்னை, மதுரை வெயிலில் நெரிசலில் நகரும் காரில் இன்டர்கூலருக்கே காற்றோட்டம் இருக்காது. சூடு கூடினால் நாக்கிங்கைத் தவிர்க்க இசியு ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும். பவருக்காக மாட்டியது பவரைக் குறைக்கும்.

ஆகவே மூடிய பெட்டியோடு வரும் கிட்தான் நம் ஊருக்கு ஏற்றது. பெட்டி பானெட்டின் அடிப்பகுதியோடு ரப்பர் ஓரத்தால் நன்றாக மூட வேண்டும், கம்பெனிக் காற்று வாயோடு இணைந்திருக்க வேண்டும். மூன்று பக்கம் மட்டும் தகடு வைத்து "ஹீட் ஷீல்டு" என்று விற்பது அரைகுறைத் தடுப்புதான்.

தூசும் தண்ணீரும்

ஃபில்டரின் முதல் வேலை வடிகட்டுவது. சாலைத் தூசியில் கணிசமான பகுதி மணல் துகள். அது சிலிண்டர் சுவரையும் வளையத்தையும் தேய்க்கும். கம்ப்ரசர் சக்கரத்தின் அலுமினிய இதழ் முனைகளையும் அரிக்கும். நல்ல காகித ஃபில்டர் இதில் மிகத் திறமையானது. எண்ணெய் பூசிய பருத்தி ஃபில்டர் காற்றை எளிதாக விடும், ஆனால் நுண்தூசியைப் பிடிப்பதில் பொதுவாகக் காகிதத்துக்குப் பின்னால்தான். கழுவிய பிறகு எண்ணெயை அதிகமாகப் பூசினால், அது பறந்து போய் மேஃப் கம்பியில் படியும், சென்சார் தவறாகச் சொல்லும். செம்மண், கட்டுமானத் தூசி உள்ள இடங்களில் ஓடும் காருக்கு எண்ணெய் தேவைப்படாத உலர் செயற்கை இழை ஃபில்டரே பாதுகாப்பு.

சில கிட்கள் ஃபில்டரை பம்பருக்குப் பின்னால், சக்கரத்துக்கு முன்னால் தாழ்வாக வைக்கும். அங்கே குளிர்ந்த காற்று கிடைக்கும்தான். தண்ணீர் தேங்கிய சாலையில் அதே இடம் தண்ணீரையும் இழுக்கும். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது; சிலிண்டருக்குள் போனால் பிஸ்டன் மேலே ஏற இடமில்லாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 2015 டிசம்பரில் சென்னை பார்த்த வெள்ளத்தை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தேங்கிய தண்ணீரை நினைத்துப் பார்த்தால், மழைக்காலத்தில் ஓடும் காருக்கு இந்த வகை வேண்டவே வேண்டாம்.

வாங்கும் முன் அளந்து பார்க்க

கம்பெனி இன்டேக் உண்மையில் தடையா என்று சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதி அளவு நிறம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒவ்வொரு கையும் ஒரு மீட்டர் உயரம் இருக்கட்டும். ஒரு முனையைக் கம்ப்ரசருக்கு முந்தைய குழாயில் இருக்கும் பயன்படாத நிப்பிளில் (சின்ன ஹோஸ் செருகும் முனையில்) இணைத்து, மறுமுனையைத் திறந்து வையுங்கள். தண்ணீர் இன்ஜினுக்குள் போகாதபடி வழியில் ஒரு காலி பாட்டிலைச் சேர்க்க வேண்டும். முழு த்ராட்டிலில் இரு கைகளின் நீர்மட்ட வேறுபாடு 10 செ.மீ. என்றால் தடை ஏறக்குறைய ஒரு கிலோபாஸ்கல். இதைச் சாலையில் செய்ய வேண்டாம், டைனோவில் செய்யுங்கள். முதலில் கம்பெனியின் புதுக் காகித ஃபில்டரோடு அளக்க வேண்டும். 20 செ.மீ.க்குக் கீழே இருந்தால் கிட் தருவதற்கு எதுவுமில்லை. 50 செ.மீ.யைத் தாண்டினால் யோசிக்கலாம். பல கார்களில் பழைய ஃபில்டரைக் கழற்றிப் புதுக் காகித ஃபில்டர் போட்டதுமே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இசியுவின் தகவல்களைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, ஃபியூயல் ட்ரிம், ஓடும்போதும் நெரிசலிலும் காற்றின் வெப்பநிலை, முழு த்ராட்டிலில் பூஸ்ட், மேஃப் இருந்தால் விநாடிக்கு எத்தனை கிராம் என்ற அளவு ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். இது இல்லாமல் பிறகு ஒப்பிட எதுவும் இருக்காது.

மாட்டும்போது

இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். டர்போவின் புகைப் பக்கம் முழு லோடில் செந்நிறமாகும் அளவுக்குச் சூடேறுவது. இக்னிஷனை அணைத்து, சாவியை எடுத்து, கால் மணி நேரம் விட்ட பிறகு சென்சார் பிளக்கைக் கழற்றுங்கள். பிளக்கின் பூட்டை அழுத்தித்தான் எடுக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. எதையும் கழற்றும் முன் ஒவ்வொரு ஹோஸும் எங்கிருந்து எங்கே போகிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்ரசரின் வாய் திறந்த கணத்திலேயே அதை அகலமான டேப்பால் மூடிவிட வேண்டும். துணியைத் திணிப்பது வழக்கம். ஆனால் துணி மறந்து உள்ளேயே இருந்துவிடும், நூலும் உதிரும். ஒரு சின்ன வாஷர் உள்ளே விழுந்தால்கூட இரண்டு லட்சம் சுற்றில் இதழ்கள் சிதறும். விழுந்தது தெரிந்தால் ஸ்டார்ட் செய்யாமல் எடுத்தாக வேண்டும். மூடும் முன் விரலை நுழைத்து சக்கரத்தின் தண்டை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இயல்பு. இதழ் சக்கரத்தைச் சுற்றியுள்ள உறையின் சுவரைத் தொட்டால் டர்போவே தேய்ந்திருக்கிறது, இன்டேக் பிறகு.

மேஃப் சென்சாரைப் பழைய குழாயிலிருந்து எடுக்கும்போது உள்ளே இருக்கும் கம்பியைத் தொடக் கூடாது. அழுக்காக இருந்தால் மேஃப்புக்கென்றே விற்கும் ஸ்ப்ரே மட்டும் அடித்து, முழுதாக உலர விடுங்கள். சென்சார் மேல் காற்றுத் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். அது டர்போவை நோக்கி இருக்க வேண்டும். ஓ-ரிங் மடங்காமல் உட்கார வேண்டும். திருகு பிளாஸ்டிக்கில் இறங்குவது, கையளவு இறுக்கம் போதும்.

அடுத்து சின்ன ஹோஸ்கள். இவற்றில்தான் அவசரப்படுகிறார்கள். உறிஞ்சும் குழாயில் பொதுவாக இரண்டு இணைப்புகள் இருக்கும். ஒன்று, இன்ஜினுக்குள் சேரும் ஆயில் ஆவியை வெளியேற்றும் பிரீதர் ஹோஸ். இன்னொன்று, காலை எடுத்ததும் மிஞ்சும் பூஸ்டைத் திரும்ப உறிஞ்சும் பக்கத்துக்கே விடும் வால்வின் ஹோஸ். சில கார்களில் இந்த வால்வு டர்போவிலேயே இருக்கும், தனி ஹோஸ் இருக்காது. பிரீதரைக் கழற்றி நுனியில் சின்ன ஃபில்டர் மாட்டி விடுவது பரவலான பழக்கம். மேஃப் காரில் இது அளக்கப்படாத காற்றுக்கு வழி. எந்தக் காரிலும் ஆயில் ஆவி வெளியே கக்கும். வால்வின் ஹோஸை வெளியே விட்டால் மேஃப் ஏற்கனவே எண்ணிய காற்று வெளியே போய்விடும், கியர் மாற்றும்போதெல்லாம் ரிச் ஆகி இன்ஜின் தடுமாறும். கிட்டில் இந்த இணைப்புகளுக்கு நிப்பிள் இல்லை என்றால் அந்த கிட் உங்கள் காருக்கானது இல்லை.

டர்போ பக்க ரப்பர் இணைப்பு உறுதியானதாக இருக்க வேண்டும். மெல்லிய சிலிகான் துண்டு முழு த்ராட்டிலின் உறிஞ்சலில் உள்ளே சுருங்கி வழியை அடைக்கும். நீளமான இணைப்பென்றால் உள்ளே கம்பி வைத்தது தேவை. குழாய் இணைப்புக்குள் குறைந்தது 20 மில்லிமீட்டர் போய் உட்கார வேண்டும், கிளாம்ப் குழாய் விளிம்பின் மேட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். திருகைச் சுற்றி இறுக்கும் பட்டையான புழு கிளாம்பை ரப்பர் பிதுங்கும் வரை இறுக்கினால் பட்டை ரப்பரைக் கடித்து, பிறகு அதே இடத்தில் கசியும்.

இன்ஜின் தன் மவுண்ட்டில் ஆடும். குழாய்க்கும் பேட்டரி, பெல்ட், ஃபேன் ஆகியவற்றுக்கும் இடையே ஒரு விரல் அளவு இடம் வேண்டும். பானெட் இடிக்கிறதா என்று பார்க்க, ஃபில்டரின் மேல் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி வைத்து பானெட்டை மூடித் திறங்கள். களிமண் அப்பளமாகியிருந்தால் இடம் போதவில்லை.

ஓட்டிப் பார்க்கும் முறை

முதல் ஸ்டார்ட்டில் ஐடிலை, அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை, கவனியுங்கள். ஏறி இறங்கினால் கசிவுதான் முதல் சந்தேகம். மேஃப் காரில் சென்சாருக்கும் டர்போவுக்கும் இடையே கசிந்தால் லீன். அழுத்தப் பக்கத்தில் கசிந்தால் பூஸ்டில் ரிச். உறிஞ்சும் பக்கத்தில் சோப்புத் தண்ணீர் குமிழி காட்டாது, ஏனென்றால் காற்று உள்ளே போகிறது. கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்துத் தேடுவது சூடான டர்போவுக்குப் பக்கத்தில் தீப்பிடிக்கும் வேலை. குறைந்த அழுத்தத்தில் புகை விட்டுப் பார்க்கும் கருவி பல ஒர்க்‌ஷாப்களில் இருக்கிறது. அதுதான் சரியான வழி.

பிறகு பூஸ்ட் ஏறாமல் 30, 40 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி ஃபியூயல் ட்ரிம்மைப் பாருங்கள். மாட்டும் முன் இருந்ததிலிருந்து 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. கூட்டல் பக்கம் 10-ஐத் தாண்டினால் முழு த்ராட்டில் கொடுக்காதீர்கள். கசிவையோ குழாய் விட்டத்தையோ கண்டுபிடித்த பிறகுதான். ஸ்கேனரில் எர்ரர் கோடு பி0171 வந்தால் கலவை லீன், பி0101 வந்தால் மேஃப் சொல்வது பொருந்தவில்லை, பி0299 வந்தால் பூஸ்ட் இலக்கை எட்டவில்லை, பி0113 வந்தால் பெரும்பாலும் வெப்பநிலை சென்சாரின் பிளக் மாட்டப்படவில்லை. எர்ரர் கோடை அழித்துவிட்டு ஓட்டுவது தீர்வாகாது.

எல்லாம் சரியாக இருந்தாலும் 1,000 கிலோமீட்டரில் ஒரு முறை ஃபில்டரைக் கழற்றி, குழாயின் உள்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஆயில் ஈரம் கொஞ்சம் இருக்கலாம். துணியில் பழுப்பு நிறத் தூசி ஒட்டினால் ஃபில்டர் விடுகிறது, அல்லது அதன் கழுத்து சரியாக மூடவில்லை. அந்தத் தூசி ஏற்கனவே டர்போவைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. அன்றே கம்பெனி பாக்ஸைத் திரும்ப மாட்டிவிடுங்கள்.

சட்டம், வாரண்டி, இன்சூரன்ஸ்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் வைக்கும். ஆறு மாதம் வரை சிறைக்கும் இடம் உண்டு. சத்தத்தையும் புகையையும் கூட்டும் கிட் இந்த வட்டத்துக்குள் இழுக்கப்படும் என்று எண்ணியே முடிவெடுங்கள். வாரண்டியில் இருக்கும் கார் என்றால், டர்போவோ இன்ஜினோ பழுதாகிப் போகும்போது முதலில் பார்க்கப்படுவது பானெட்டுக்கு அடியில் நிற்கும் அந்தக் கூம்பைத்தான். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். தண்ணீர் புகுந்து இன்ஜின் போனால் சாதாரண பாலிசியில் பொதுவாகப் பணம் வராது, தனியாக இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் வேண்டும். தெரிவிக்காமல் தாழ்வாக வைத்த ஃபில்டர் இருந்தால் அந்த ஆட்-ஆனும் தகராறுக்குள் போகும். கழற்றிய கம்பெனி ஏர் பாக்ஸ், குழாய், கிளிப், திருகுகள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, எடுத்த போட்டோக்களின் பிரதியையும் அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள்.